முதியோர் இல்லங்களில் இரவில் விழித்திருப்பவர் யார்?

ஏர்வாடி தர்ஹாவை அறியாதவர்கள் நம்மில் குறைவு. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலையில் அவ்வூரில் இயங்கிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மரணமடைந்தனர். ஒரு வாரத்துக்குள் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, அங்கிருந்த 500க்கும் மேற்பட்டோரை அரசு பொறுப்பேற்றது.

அந்தச் சங்கிலியின் கொடுமையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அது எதற்காகப் போடப்பட்டது என்பதைக் குறைவாகவே பேசினோம். இரவில் பார்த்துக்கொள்ள ஆள் வைக்காத இடத்தில், ஆளின் வேலையைச் சங்கிலி செய்தது. இன்று சங்கிலி இல்லை. ஆனால் இரவில் கிறில் கதவைப் பூட்டிச் சாவியை ஒருவரே வைத்திருக்கும் இல்லத்தில் கணக்கு பெரிதாக மாறிவிடவில்லை.

வசதியுள்ள நாடுகளிலும் இதே தவறு நடந்திருக்கிறது. 2004 ஜனவரி 31ஆம் திகதி அதிகாலை ஸ்கொட்லாந்தின் ரோஸ்பார்க் முதியோர் இல்லத்தில் 14 பேர் இறந்தனர். சுமார் 40 முதியவர்களுக்கு அன்றிரவு 4 பணியாளர்களே இருந்தனர். எச்சரிக்கை மணி ஒலித்தும், தீயணைப்புப் படையை அழைக்க ஒன்பது நிமிடங்கள் கடந்தன. திறந்து கிடந்த அறைக் கதவுகள் வழியே புகை உள்ளே புகுந்தது. முறையான திட்டமும் பயிற்சியும் இருந்திருந்தால் உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதே பின்னர் நடந்த நீதி விசாரணையின் சாரம்.

இனி யாழ் குடாநாட்டுக்கு வருவோம். போரும் புலம்பெயர்வும் பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டன. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நமது குடும்பங்களும் புத்தளம், கொழும்பு, வெளிநாடு எனச் சிதறியே வாழ்கின்றன. முதியோர் இல்லம் என்பது இனி நமக்கும் அந்நியமான விடயமல்ல. யாழ் மாநகர சபையின் தீயணைப்பு வாகனம் பருத்தித்துறைக்குச் செல்ல வேண்டுமானால் முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். அது வரும்வரை உயிர்கள் இரவுப் பணியாளரின் கையில்தான்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், முதியோருக்குச் சேவை வழங்கும் நிறுவனங்களின் பதிவைக் கோருகிறது. ஆனால் பதிவுச் சான்றிதழ் எவரையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாது. படுக்கையில் இருக்கும் ஒருவரை நகர்த்த இருவர் தேவை. அப்படிப் பத்துப் பேர் உள்ள இல்லத்தில் இரவில் ஒருவர் மட்டும் இருந்தால், சுவரில் தொங்கும் வெளியேற்றத் திட்டம் வெறும் காகிதமே.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. நடக்க முடியாதவர்களைக் கீழ்த்தளத்தில், வாசலுக்கு அருகில் வைக்க வேண்டும். பூட்டுகள் உள்ளிருந்து திறக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். முதலில் 110ஐ அழைப்பது, தீப்பற்றிய அறையின் கதவைச் சாத்துவது, விரிப்போடு இழுத்துச் செல்வது ஆகியவற்றை இரவுப் பணியாளர்கள் பழகியிருக்க வேண்டும். அயலவர் இருவரிடம் மாற்றுச் சாவி இருப்பதும் நல்லது.

தூங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிடாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பெற்றோரின் நினைவாக முதியோர் இல்லங்களுக்கு ஒருநேர உணவு கொடுப்பவர்கள் நம்மில் பலர். அல்ஹம்துலில்லாஹ், அது தொடரட்டும். அத்துடன் ஓர் இரவுப் பணியாளரின் மாதச் சம்பளத்தையும் நமது ஸதகாவில் சேர்ப்போம். உணவு கொண்டுபோகும் நாளில் நிர்வாகியிடம் ஒரு கேள்வியையும் கேட்போம்: "இரவு இரண்டு மணிக்கு இங்கே எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்?"