சிங்களம் வராதா, படிக்கவில்லையா?



பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வசனம்: “எங்களுக்குச் சிங்களம் வராது டீச்சர்.”

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முழு நாளையும் தமிழிலேயே ஓட்டிவிடலாம். வெளியே போனாலும் விலை பேசும் அளவுக்குச் சிங்களம் நம்மில் பலருக்கு இருக்கிறது. வாசிக்கத்தான் தெரியாது. பொலிஸில் எழுதிய முறைப்பாட்டை வாசிக்காமலே கையெழுத்து வைக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். உம்மாவின் நோயை டொக்டரிடம் அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அந்த வயதில் கேட்கக் கூடாததையும் கேட்க வேண்டும்.

ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் நேரமில்லை, வயது போய்விட்டது என்கிறோம். “அரசாங்கம்தான் தமிழில் தர வேண்டும்” என்றும் சொல்கிறோம். அது நியாயம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. ஆனால் தமிழில் படிவம் கேட்டு ஒரு கடிதமாவது கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? உரிமையையும் கேட்காமல் மொழியையும் படிக்காமல் இருந்தால், அந்த நியாயமே சாக்காகிவிடுகிறது.

நம் சமூகம் இதை முன்பும் கடந்து வந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில், ஆங்கிலம் படிக்க அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்று பயந்தார்கள். ஆங்கிலப் பள்ளிகளில் பல மிஷனரிகளுடையவை, அதனால் பயத்திலும் உண்மை இருந்தது. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை அந்தப் பயத்தோடு நின்றுவிடவில்லை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிக் கல்வியைப் பற்றி எழுதினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே வாழ்ந்த ஒராபி பாஷா போன்றோரின் ஆதரவோடு 1892இல் மருதானையில் பாடசாலை உருவானது. இன்றைய ஸாஹிரா கல்லூரியின் தொடக்கம் அதுதான். மார்க்கத்தை விடாமல் ஆங்கிலமும் படிக்க ஓர் இடம் வந்த பிறகு, பழைய காரணத்தைச் சொல்ல இடமில்லாமல் போனது.

நாமும் அப்படியே நம்மைக் கேட்டுப் பார்க்கலாம். நாளைக்கே நம் ஒழுங்கையில், நமக்கு வசதியான நேரத்தில், இலவசமாகச் சிங்கள வகுப்பு தொடங்கினால் போவோமா? போவோம் என்றால் நேரமில்லை என்பது உண்மையான காரணம், அதற்கு வழி தேடலாம். அப்போதும் போகமாட்டோம் என்றால் காரணம் நேரமல்ல. வெட்கமாக இருக்கலாம், சோம்பலாக இருக்கலாம். ஊருக்கு என்ன சொன்னாலும் நம் உள்ளத்துக்கு அது தெரியும். சூரா அல்-கியாமா நினைவூட்டுவதும் இதைத்தான்.

தமிழருக்குச் சிங்களம் எட்டாத மொழியல்ல. தமிழைப் போலவே வினை வசனத்தின் முடிவில் வரும். அம்மா, அக்கா, கடை போன்ற சொற்கள் சிறு மாற்றத்தோடு அங்கேயும் இருக்கின்றன. எழுத்துகள்தான் புதிது, அவற்றையும் நாளுக்கு இரண்டாகப் படிக்கலாம்.

புத்தகம் தேடி அலையவும் தேவையில்லை. தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளையின் பையில் இரண்டாம் மொழிச் சிங்களப் புத்தகம் இருக்கிறது, அரசாங்கம் இலவசமாகத் தந்தது. மஃரிபுக்குப் பிறகு பத்து நிமிடம் பிள்ளையோடு உட்காருவோம். பிள்ளை நமக்குச் சொல்லித் தரட்டும். அடுத்த முறை டொக்டரிடம் போகும்போது அந்தப் பிள்ளை வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.