முள் இல்லாவிட்டால் விஷமா?

"முள் இருந்தால் நாட்டுக் கத்தரிக்காய், முள் இல்லாவிட்டால் மரபணு மாற்றியது, வாங்காதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. படித்தவர்களே அனுப்புகிறார்கள். தாவரவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்: இது சுத்தப் பொய்.

எலுமிச்சை முள், கிளை உருமாறி வருவது. கத்தரி முள்ளும் ரோஜா முள்ளும் அப்படியல்ல, மேல்தோலிலிருந்து எழுபவை. இவை வளர சைட்டோகைனின் என்ற ஹார்மோன் வேண்டும். அதைத் தயாரிக்க உதவும் மரபணு ஒன்று பழுதானால் முள் வராது, அவ்வளவுதான். 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு சொல்கிறது: கத்தரியிலும் அதன் காட்டு உறவுகளிலும் இப்படி முள் மறைந்தது ஒருமுறை அல்ல, தனித்தனியாகக் குறைந்தது 16 முறை! இயற்கையில் தானாக ஏற்பட்ட பழுது அது. முள்ளில்லாத செடியைப் பார்த்து விதை எடுத்து வைத்தவர்கள் நம் முன்னோர்களைப் போன்ற விவசாயிகள். அவர்களிடம் ஆய்வகமா இருந்தது?

பி.டி. கத்தரி வேறு கதை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் புகுத்தி, காய்ப்புழுவை எதிர்க்கச் செய்தது. 2010-ல் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. அந்த மரபணுவை முள்ளுள்ள ரகத்திலும் புகுத்தலாம். முள்ளைத் தடவிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மரபணு மாற்றத்தை எதிர்க்கிறீர்களா? தாராளமாக எதிர்க்கலாம். விதை யார் கையில் இருக்கிறது, சோதனை ஒழுங்காக நடந்ததா என்று கேளுங்கள். நியாயமான கேள்விகள். ஆனால் பொய்யைச் சொல்லிக் கேட்டால், நாளை உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதற்குள் அடி வாங்குவது யார்? முள்ளில்லாத நாட்டு ரகத்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் சிறு விவசாயி. காம்பு முள் குத்தக் குத்தக் காய் பறிக்கும் பெண்களின் கையைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரி உண்டா?

வேலூர் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். அதை ருசிக்காக வாங்குங்கள். பக்கத்துக் கூடையில் இருப்பது விஷம் என்று சொல்லி அதை விற்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால், அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தக்காளியில் முள் எங்கே?"