ஆரம்பப் பாடசாலையில் சங்கீதம்

குரோம்பேட்டையிலும் அதை அடுத்த பல்லாவரம், தாம்பரம் பகுதிகளிலும் சங்கீதத்திற்குப் பஞ்சமில்லை. மாலை வேளைகளில் தெருவுக்குத் தெரு சரளி வரிசை கேட்கிறது. மார்கழி பிறந்தால் கோயில்களில் திருப்பாவை ஒலிக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய திருநீர்மலையோ அருகிலேயே நிற்கிறது. ஆயினும் இச்செல்வம் யார் வீட்டுக் குழந்தைக்குக் கிட்டுகிறது? மாதந்தோறும் சம்பளம் கொடுத்துத் தனி ஆசிரியரிடம் அனுப்பக்கூடிய பெற்றோரின் குழந்தைக்கே கிட்டுகிறது. கூலி வேலைக்குப் போகும் தாய் தந்தையரின் குழந்தைக்குப் பொதுப் பாடசாலை ஒன்றே கல்வியின் வாசல். அவ்வாசலில் சங்கீதம் இல்லையேல் அக்குழந்தைக்கு அது வேறெங்கும் இல்லை.

இதில் சட்டத்தின் நிலை என்ன என்று பார்ப்போம். 2009ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குழந்தையின் முழு வளர்ச்சியைக் கல்வியின் நோக்கமாகக் கூறுகிறது. ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை, கலைக் கல்விக்கென்று பகுதி நேர ஆசிரியரை 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கே விதிக்கிறது. அதுவும் 100 மாணவருக்கு மேற்பட்ட இடங்களில்தான். முதல் ஐந்து வகுப்புகளுக்கு அப்படியொரு விதி இல்லை. 60 குழந்தைகள் வரை உள்ள ஆரம்பப் பாடசாலைக்கு இரண்டு உபாத்தியாயர்கள் என்பதோடு அட்டவணை நின்றுவிடுகிறது. செவி மிகக் கூர்மையாயிருக்கும் வயதை விட்டுவிட்டு, குரல் உடையத் தொடங்கும் வயதில் ஆசிரியரைத் தேடுவது என்ன நியாயம்?

நமது தேசிய இயக்கத்தின் பெரியோர் இவ்வாறு கருதவில்லை. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, அதனுடன் நடந்த சங்கீத மகாநாட்டிலிருந்தே மறு வருஷம் சங்கீத வித்வத் சபை பிறந்தது. 1937இல் வார்தாவில் மகாத்மா காந்தி ஆதாரக் கல்வியைப் பிரஸ்தாபித்த பின், ஜாகிர் ஹுசேன் தலைமையில் அமைந்த கமிட்டி வகுத்த பாடத்திட்டத்தில், கைத்தொழிலோடும் கணக்கோடும் சங்கீதத்திற்கும் இடம் இருந்தது. சபைகள் தழைத்தன, பாடசாலை பின்தங்கிவிட்டது.

குழந்தைகளையெல்லாம் வித்துவான்களாக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. சுருதி இன்னது, தாளம் இன்னது என்று செவி அறிய வேண்டும். கூச்சமின்றிப் பலரோடு கூடிப் பாட வேண்டும். இதற்கு வீணையும் ஆர்மோனியமும் வேண்டியதில்லை. ஹங்கேரி தேசத்தில் ஸோல்டான் கோடாய் என்ற சங்கீத மேதை, குழந்தை தன் தாய்மொழியின் நாட்டுப் பாடல்களிலிருந்தே தொடங்க வேண்டும், வாத்தியத்திற்கு முன் குரல் வேண்டும் என்று போதித்தார். 1950இல் அவருடைய பிறந்த ஊராகிய கெச்கெமேட்டில், பாட்டையே தினசரிப் பாடமாகக் கொண்ட ஆரம்பப் பாடசாலை ஏற்பட்டது. இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய கைக்குறி முறையும் அவர் வழியில் சேர்ந்தது. நாமும் ஸட்ஜத்திற்கு இடுப்பளவிலும், பஞ்சமத்திற்குத் தோளளவிலும், மேல் ஸட்ஜத்திற்குத் தலையளவிலும் கையை உயர்த்திக் காட்டலாம். ஏறும் ஸ்வரத்தைக் கண்ணால் கண்ட குழந்தை காதாலும் எளிதில் அறியும். புரந்தரதாசர் வகுத்தவை என்று போற்றப்படும் அப்பியாச வரிசைகள் உரிய காலத்தில் வரட்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு முதலில் வேண்டுவது கும்மி, கோலாட்டம், விளையாட்டுப் பாட்டு, கவிமணியின் குழந்தைப் பாடல்கள் ஆகியவையே.

தாளத்தைக் கணக்கோடு சேர்த்துக் கற்பிப்பது மிக எளிது. ஆதி தாளத்தின் 8 அக்ஷரங்கள் 4, 2, 2 என்று பிரிவதைக் கையால் போட்டுப் பார்த்த சிறுவனுக்குக் கூட்டல் கசக்காது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி தகிட என்று மூன்றுக்கொரு தட்டும், மறு பாதி தகதிமி என்று நான்குக்கொரு தட்டும் தட்டட்டும். ஒன்றாகத் தொடங்கியவர்கள் 12 அக்ஷரம் கழிந்தபின் மீண்டும் ஒன்றாகத் தட்டுவார்கள். மீச்சிறு பொது மடங்கு என்று பின்னால் கரும்பலகையில் வரப்போவதைக் குழந்தைகள் கைதட்டிச் சிரித்துக்கொண்டே கண்டுவிடுவார்கள்.

நாதத்தின் இயல்பை அறியவும் செலவில்லை. ஒரே அளவான பீங்கான் கிண்ணங்களில் ஏற்றத்தாழ்வாக நீர் ஊற்றிக் குச்சியால் தட்டினால், நீர் மிகுந்தது தாழ்ந்த ஸ்வரத்தையும் குறைந்தது உயர்ந்த ஸ்வரத்தையும் தரும். ஜலதரங்கத்தின் ரகசியம் இதுதான். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதத் தெரியாத சிறுவர் உண்டா? 1931 முதல் இவ்வழியே ஓடும் மின்சார ரயிலின் ஊதலும், மீனம்பாக்கத்து விமானத்தின் இரைச்சலும் பாடத்தைக் கெடுக்கின்றன என்று குறைகூறுகிறோம். ஒரு நிமிஷம் எல்லோரையும் கண்மூடிக் கேட்கச் சொல்லி, எது உயர்ந்தது, எது தாழ்ந்தது, எது நெருங்குகிறது, எது விலகுகிறது என்று கேட்டால், அவையே பாடமாகிவிடும்.

உபாத்தியாயர்களுக்குப் பாடத் தெரியாதே என்பர் சிலர். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் ஆடலுமாக அவர்கள் கற்பித்து வருவதை நாம் அறிவோம். எழுத்தைச் சுமக்கும் வண்டியாக மட்டும் பாட்டை வைத்துவிடாமல், பாட்டுக்காகவும் தினம் கால் மணி நேரம் ஒதுக்குவதே எஞ்சியுள்ள வேலை. எவருடைய பாட்டைப் பாடுவது என்று வேறு சிலர் கேட்பர். பொதுப் பாடசாலை எல்லா மதத்தாருக்கும் எல்லா ஜாதியாருக்கும் உரியது. எல்லோர் வீட்டிலும் வழங்கும் தாலாட்டும், 1949இல் பொதுச் சொத்தாக்கப்பட்ட பாரதியார் பாடல்களும் எவருக்கும் அந்நியமல்ல. கலைத் திருவிழாப் போட்டிகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் போட்டியில் மேடை ஏறுவோர் சிலரே. வகுப்பில் பாட வேண்டியவர்கள் அனைவரும்.

குரோம்பேட்டையையும் தன்னுள் கொண்டு 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி இதற்கு வழிகாட்டலாம். பாடசாலைக்கொரு சங்கீத ஆசிரியரைக் கல்வி இலாகா உடனே நியமிக்க இயலாதெனில், சில பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒருவரை வைத்து, வாரம் ஒரு நாள் வந்து குழந்தைகளுக்கும் உபாத்தியாயர்களுக்கும் சேர்த்துப் பழக்கும்படி செய்யட்டும். இப்பகுதியில் தெருவுக்குத் தெரு இருக்கும் சங்கீத ஆசிரியர்களும் வாரம் ஒரு மணி நேரம் உதவ முன்வரட்டும். அட்டவணையின் குறையை நீக்கி, முதல் ஐந்து வகுப்புகளையும் கலைக் கல்வியில் சேர்க்கச் சர்க்கார் முயல வேண்டும். காசு கொடுத்தவர் செவிக்கு மட்டுமே எட்டும் சங்கீதத்தைத் தேசத்தின் சங்கீதம் என்று எவ்வாறு அழைப்பது?