பண்டிகைக் காலமும் கைவேலையும்

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்பது நம்மவர் பழமொழி. காட்டில் மரந்தேடித் திரியும் தச்சனை நோக்கிக் கூறப்பெற்றதாயினும், விடுமுறை வந்தவுடன் இராட்டையையும் பின்னல் ஊசியையும் ஒருங்கே கையிலெடுக்கும் மாணாக்கராகிய நமக்கும் அது நன்கு பொருந்தும். நூற்றலும் பின்னலும் நல்ல தொழில்கள். அவற்றை இகழ்தல் என் கருத்தன்று. கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்குக் கடைப்பொருளை வாங்கி ஈவதினும் தன் கையால் செய்த ஒன்றை ஈவது சிறந்தது என்னும் எண்ணமும் போற்றத்தக்கதே. ஆயினும், அத்தகைய வேலைகளில் எத்தனையை ஒரு விடுமுறைக்குள் மேற்கொள்ளலாம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்றுக்கு மேற்பட்டதை மேற்கொள்ளலாகாது என்பதும், அவ்வொன்றையும் தன் கையாலேயே முடித்தல் வேண்டும் என்பதும் என் துணிபு. இத்துணிபு ஏட்டைக் கற்று வந்ததன்று. சென்ற ஆண்டு என் இல்லத்தில் யான் செய்த ஒரு பிழையால் வந்தது.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மேற்றிசையில் மலைத்தொடரும், ஊர் நடுவே பதினொரு நிலைக் கோபுரமும் விளங்க, மார்கழி பிறந்தவுடன் வைகறையில் ஆண்டாளின் திருப்பாவை செவியில் விழும். முப்பது பாசுரங்களையும் நாளுக்கொன்றாக ஓதி அம்மாதத்தை நிறைவு செய்வது அன்பர் வழக்கம். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் இராஜபாளையம். 1936-ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் அங்கே இராஜபாளையம் மில்லை நிறுவினார். இன்று அவ்வூர் பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்று விளங்குகின்றது. அதனை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டும் கட்டுத்துணி நெய்யப்பெறுகின்றது. எங்கள் ஊரிலோ கைத்தறியின் ஓசை இன்னும் முற்றும் ஓய்ந்துவிடவில்லை. ஆகவே எம் பக்கத்தார்க்கு நூல் என்பது பொழுதுபோக்குப் பொருளன்று; பல வீடுகளில் உலை கொதிப்பது அதனாலேயே.

அன்றியும், நமக்கு விடுமுறையாய் அமையும் காலம் தறிக்காரர்க்கு வேலை மிகுந்த காலம். தீபாவளி கழிந்தால் கிறிஸ்து பிறப்பு, அதன்பின் பொங்கல். பொங்கலுக்கு ஏழை மக்கட்கு வேட்டி சேலை வழங்கும் அரசினர் திட்டம் 1983-ஆம் ஆண்டில் தொடங்கியது முதல், தமிழ்நாட்டு நெசவாளர் பலர்க்கு அப்பண்டிகைக்கு முந்திய திங்கள்கள் ஓய்வறியாத் திங்கள்களாயின. நாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பும் நாளில், அவர் இரவையும் பகலாக்கிக்கொண்டிருப்பர்.

நிற்க. சென்ற ஆண்டு விடுமுறைக்கு முன்னர் யான் ஐந்து வேலைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பாட்டிக்கு ஒரு சிறு போர்வை. ஞாயிறு பள்ளி ஆசிரியர்க்கு ஒரு கழுத்துப்பட்டை. அக்காளின் குழந்தைக்குக் குல்லாய். கொடைக்கானலில் பயிலும் நண்பர்க்குக் காலுறை. ஆலயத்து மேசைக்கு விரிப்பு. இவை யாவற்றையும் என் இராட்டையில் நூற்ற பருத்தி நூலாலேயே பின்னித் தருவேன் என்றும் பெருமை பேசினேன். கேட்டோர் அனைவரும் வியந்தனர். அவ்வியப்பே எனக்குப் பாதிக் கூலியாயிற்று. ஆகலின் மீதிப் பாதிக்கு உழைக்கும் ஊக்கம் குன்றிற்று என்பதை இப்பொழுது உணர்கின்றேன்.

முன்னரே ஒரு சிறு கணக்குப் போட்டிருந்தேனாயின் நாவை அடக்கியிருப்பேன். ஒரு பவுண்டு எடைப் பருத்தி நூலில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை உள்ளனவோ அத்தனையே அந்நூலின் நம்பர். பத்தாம் நம்பர் நூலாயின் ஒரு பவுண்டில் 8,400 கெஜம். ஒரு சிறு போர்வைக்கு 100 கிராம் நூல் வேண்டும் எனக் கொள்வோம். அது ஏறத்தாழ 1,850 கெஜம். யான் ஒரு மணி நேரத்தில் 200 கெஜம் நூற்பேன். ஆகவே நூற்பதற்கே ஒன்பது மணிக்கு மேல் ஆகும். அந்த ஒற்றை இழையை அப்படியே பின்னலாகாது. முறுக்கேறிய ஒற்றை இழையால் பின்னிய துணி சதுரமாக நில்லாது ஒருபுறமாகச் சாய்ந்து கோணிப்போகும். இதனையும் யான் பட்டே அறிந்தேன். நான்கிழைகளைச் சேர்த்து எதிர்ப்புறமாக முறுக்கி, நனைத்து உலர்த்திய பின்னரே அது பின்னலுக்கு அடங்கும். அதற்கு ஐந்தாறு மணி. பின்னர் ஊசியில் கண்ணி கண்ணியாக ஏற்றிப் பின்ன இருபத்தைந்து மணி. ஆக ஒரு போர்வைக்கு நாற்பது மணி நேரம். ஐந்து பொருள்களுக்கோ, சிறியன பெரியன தம்முள் ஈடுசெய்யக் கொண்டால், இருநூறு மணி.

விடுமுறையோ பன்னிரண்டு நாட்கள். அவற்றுள் கீதபவனிக்குச் செல்லும் இரவுகள் உண்டு. ஆலயத்தை அலங்கரிக்கும் நாள் உண்டு. அச்சுமுறுக்கும் அதிரசமும் செய்யும் அடுப்படி வேலை உண்டு. உறவினர் வருகை உண்டு. ஆண்டிறுதி ஆராதனையும் புத்தாண்டு ஆராதனையும் உண்டு. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எஞ்சினால் அதுவே மிகுதி. பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு. ஒரு போர்வைக்கே போதாத காலத்தில் ஐந்து பொருள்களை முடிப்பேன் என்று கூறியவர் தமிழ் இலக்கணம் பயின்றிருக்கலாம், எண் பயிலவில்லை.

முடிவு யாதாயிற்று? டிசம்பர் 23-ஆம் நாள் இரவில் என் பெட்டியில் கிடந்தவை பாதிக் குல்லாய் ஒன்று, குதிகால் வரை வந்த காலுறை ஒன்று, நான்கு விரற்கடை நீளமுள்ள கழுத்துப்பட்டை, மூன்றிலொரு பங்கு முடிந்த போர்வை, விரிப்புக்கென நூற்ற இரண்டு சிட்டங்கள். எதனை எடுப்பது எதனை விடுப்பது என்று அறியாமல் ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசை பின்னிவிட்டு உறங்கிப்போனேன்.

என் அன்னை அண்டை வீட்டுத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பவர். நாடாவில் வைக்கும் தார்க்குச்சிகளில் நூலைச் சுற்றித் தருதல் அவர் தொழில்; எண்ணிக்கைக்கே கூலி. சிறு வயதில் மிஷன் பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தபொழுது பின்னலும் கற்றவர். அன்றிரவு யான் உறங்கிய பின்னர் அவர் என் ஊசிகளை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். மறுநாள் இரவும் அமர்ந்தார். பண்டிகை வைகறையில் போர்வை முடிந்து, மடித்து, என் தலைமாட்டில் இருந்தது. ஆனால் அவ்விரண்டு இரவுகளிலும் சுற்றவேண்டிய தார் சுற்றப்படவில்லை. டிசம்பர் 24-ஆம் நாள் காலையில் அண்டை வீட்டுத் தறி தாரின்றி நண்பகல் வரை நின்றது. பொங்கல் சரக்கிற்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த அந்நெசவாளர்க்கு அரைநாட் கூலி போயிற்று. அவர் கிறிஸ்தவர் அல்லர். எம் பண்டிகையால் அவர்க்கு வரவு ஒன்றுமில்லை. என் பெருமைப் பேச்சின் செலவு மட்டும் அவர் கணக்கில் ஏறியது. அன்னையிடம் அவர் ஒரு கடுஞ்சொல்லும் கூறிற்றிலர். அதுவே எனக்குப் பெருந்துன்பமாயிற்று.

ஆலயத்தில் பாட்டி அப்போர்வையைப் போர்த்திக்கொண்டு, “என் பேரப்பிள்ளை கையால் நூற்றுப் பின்னியது” என்று வந்தோர் அனைவர்க்கும் காட்டினார். யான் வாய் திறவாது நின்றேன். புத்தாண்டு நாளன்றே உண்மையைக் கூற மனம் துணிந்தது. பாட்டி சினந்திலர். “அப்படியானால் அடுத்த வருஷம் உன் அம்மாவுக்கு ஒன்று செய்து கொடு; எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று கூறினார்.

இது ஒரு வீட்டுச் செய்தி. இதனை ஏன் கல்லூரி மலரில் எழுதவேண்டும் என்று சிலர் வினவலாம். அளவுக்கு மிஞ்சி வாக்களிப்பவர் வேலையைப் பிறர் கை முடிக்கும் என்பது வீட்டளவில் நிற்பதன்று. நாட்டு வரலாற்றிலும் காணப்படுவது. 1924-ஆம் ஆண்டு டிசம்பரில் காந்தியடிகள் தலைமையில் பெல்காமில் கூடிய காங்கிரஸ் மகாசபை, உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் 2,000 கெஜம் நூல் தருதல் வேண்டும் என விதித்தது. நோயுற்றவரும் நூற்க விரும்பாதவரும் பிறர் நூற்றதைத் தரலாம் என ஒரு விலக்கும் வைத்தது. அவ்விதி ஓராண்டும் நிலைக்கவில்லை. 1925-ஆம் ஆண்டு செப்டம்பரில் பாட்னாவில் அது மாற்றப்பெற்று, நாலணா தருதல் அல்லது தானே நூற்ற 2,000 கெஜத்தை ஆண்டுக்கொருமுறை தருதல் என்னும் எளிய விதி வந்தது. மாதத்திற்கு இரண்டாயிரம் என்றிருந்தது ஆண்டிற்கு இரண்டாயிரம் ஆயிற்று. ஆனால் “தானே நூற்றது” என்னும் சொல் அதில் உறுதியாக நின்றது. அளவைக் குறைத்து, உண்மையைக் காத்தனர். 1927-இல் கதரைப் பரப்பும் பயணத்தில் காந்தியடிகள் இராஜபாளையத்திற்கும் வந்தார் என்பதை எம் பக்கத்தார் இன்றும் பெருமையுடன் நினைக்கின்றனர். அவர் வரவை நினைப்போர் அவர் கற்ற இப்பாடத்தையும் நினைத்தல் நன்று.

இனி, என் கூற்றை மறுப்போர் கூறுவன யாவை எனக் காண்போம். பல வேலைகளைக் கைக்கொண்டால் சலிப்பு நேராது. பேருந்தில் பின்னலாம், வீட்டில் நூற்கலாம் என்பர். இஃது ஓரளவு உண்மையே. நூற்பதற்கு ஓரிடத்தில் அமர்தல் வேண்டும். பின்னலோ கையோடு வரும். ஆயின் பின்னும் நூலையே நூற்பாராயின் இரண்டும் ஒரே வேலையின் இரு பகுதிகளாய்விடும், சலிப்பும் நீங்கும், வாக்கும் ஒன்றாகவே இருக்கும். யான் விலக்குவது இரண்டு கருவிகளையன்று, இரண்டு வாக்குகளை.

தாய் மக்களுக்குத் துணைபுரிதல் அன்பின் செயல். அதனைக் குற்றமாகக் காணலாமோ என்பர் வேறு சிலர். அன்பு தானே ஈவது. அதனை நம் கவனக்குறைவால் பறித்தல் வேறு. கையில் ஊசியுடன் உறக்கமின்றி இருப்பவர் யாவர் என்று ஒவ்வொரு வீட்டிலும் பார்க்க. பெரும்பாலும் தாயும் தமக்கையுமே. நம் நாட்டில் இத்தகைய கைத்தொழிலைப் பெண்களுக்குக் கற்பித்தோர் அதனை இவ்வாறு கருதவில்லை. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் ஐயரின் மனைவியார் மார்த்தா அம்மையார் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவர்தம் புதல்வியார் எலிசா அம்மையார் 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடியில் அத்தொழிலைப் பரப்பினார். கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தை நாம் பாடமாகப் பயில்கின்றோம். அவர் இல்லத்து அம்மையார் வளர்த்த தொழிலை நினைப்பதில்லை. அத்தொழில் ஏழைப் பெண்களின் கையில் கூலியைக் கொண்டுவந்து சேர்த்தது. அதே கையின் கூலியை நம் விளையாட்டு குறைத்தல் தகுமோ?

பொழுதுபோக்காகச் செய்யும் நல்ல வேலை, வயிற்றுக்காகச் செய்வோர்க்குக் கேடாதலை மேல்நாட்டாரும் கண்டுள்ளனர். 1914-இல் போர் மூண்டபொழுது இங்கிலாந்தில் மேரி அரசியார் போர்வீரர்க்கெனக் காலுறைகளும் இடுப்புப் பட்டைகளும் மும்மூன்று இலட்சம் வேண்டினார். செல்வ மகளிர் பலர் ஊக்கத்துடன் பின்னத் தொடங்கினர். கூலியின்றிச் செய்யும் இவ்வேலையால் கூலிக்குத் தைக்கும் ஏழைப் பெண்கள் வேலையிழப்பர் என மேரி மக்கார்தர் என்னும் தொழிற்சங்கத் தலைவியார் எடுத்துரைத்தார். அரசியார் அதனைச் செவிமடுத்து, வேலையற்ற மகளிர்க்குக் கூலியுடன் வேலை தரும் நிதிக்குத் தம் பெயரையும் ஆதரவையும் நல்கினார். எனவே நாம் ஐந்து பேர்க்குப் பரிசளிக்க விரும்பின், ஒன்றைக் கையால் செய்து, எஞ்சிய நான்கினை நம் ஊர் நெசவாளரிடம் பேரம் பேசாது வாங்குதல் சாலும். கைத்தறித் துண்டும் ஒரு கையின் வேலையே. அக்கைக்கு அது கூலியும் ஆகும்.

நூலை முடித்தல் என்பதன் அருமையை நம் இலக்கண ஆசிரியர் அறிந்திருந்தனர். நன்னூலில் பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்பவளாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகஞ் செய்து, குற்றமற்ற நூல் இவ்வாறு முடியும் என்பார். அங்கே ஒரு பெண்ணும் ஒரு கதிருமே உள்ளனர். ஐந்து கதிர்களை ஒருத்தி கையில் அவர் வைத்தாரில்லை. புறநானூற்றுச் செய்யுளொன்றில், இரவில் பூனைக்கு அஞ்சிக் கதறிய கோழி, நூல் வேலைக்காக எழுந்த ஏழைப் பெண்ணின் சிறு விளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அமைதியுறுகின்றது. அவ்வடியைப் படிக்குந்தோறும் இப்பொழுது எனக்குப் புலவர் தோன்றுவதில்லை. என் அன்னையே தோன்றுகின்றார்.

திருமறையிலும் தொற்காள் என்னும் அம்மையார் இறந்தபொழுது, அவர் செய்து தந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் விதவைகள் அழுது காட்டினர் என அப்போஸ்தலர் நடபடிகளில் காண்கின்றோம். காட்டப்பெற்றவை முடிந்த ஆடைகள். தொடங்கி விட்ட ஆடைகளை எவரும் எடுத்துக் காட்டியிரார். அவற்றால் எவர் குளிரும் நீங்கியிராது.

ஆகவே, மாணவ நண்பர்களே, வரும் விடுமுறைக்கு முன்னர் ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதுக: கையிலுள்ள மணி நேரம் எத்துணை, மேற்கொள்ளும் வேலைக்கு வேண்டும் மணி நேரம் எத்துணை, அதனை முடிக்காவிடின் உறக்கத்தை இழப்பவர் யாவர். மூன்றாம் வினாவிற்கு விடை உங்கள் பெயரன்றிப் பிறிதாயின், அவ்வேலையைத் தொடங்காதீர். யான் இவ்வாண்டு ஒன்றே தொடங்கியுள்ளேன். அது நீல வண்ணப் போர்வை. பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. யாருக்கென்று அன்னையிடம் இன்னும் கூறவில்லை.