களஞ்சியத்தின் சாவி யார் கையில்?

2022 பிப்ரவரியில் வி.எல்.சி. என்னும் காணொளி இயக்கியின் அதிகாரப்பூர்வ இணையதளம் இந்தியாவில் திறக்காமல் போயிற்று. 1996இல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கி, தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்த கட்டற்ற மென்பொருள் அது. விலை இல்லை, விளம்பரம் இல்லை. மூலநிரல் எவருக்கும் திறந்தே கிடக்கிறது. அதை வெளியிடும் வீடியோலேன் அமைப்புக்கு முன்னறிவிப்பும் தரப்படவில்லை, காரணமும் கூறப்படவில்லை. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் துணையுடன் அவ்வமைப்பு சட்ட அறிவிக்கை அனுப்பிய பின்னரே, நவம்பரில் ஒன்றிய அரசு தடையை விலக்கியது.

அந்த ஒன்பது மாதங்களில் எவரும் வி.எல்.சி.யைக் கைவிட்டுவிடவில்லை. சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரத்தில் ஒரு கணினி மையத்துக்கு அது தேவைப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? ஊர் பேர் தெரியாத ஏதோவொரு தளத்திலிருந்து இறக்கியிருப்பார்கள். இல்லையேல் பென் டிரைவில் கைமாற்றியிருப்பார்கள். அந்தப் பிரதியோடு வேறு என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது என்று யார் சொல்ல முடியும்? மூலத் தளத்தை மூடிய அரசு, மக்களைப் போலித் தளங்களின் வாசலுக்கு அனுப்பிவைத்தது.

இது முதல் முறையும் அன்று. 2014 டிசம்பரில் முடக்கப்பட்ட 32 தளங்களுள் சோர்ஸ்ஃபோர்ஜ் மென்பொருள் களஞ்சியமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தன. 2017 ஆகஸ்டில் இந்தித் திரைப்படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்பேரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் முழுவதுமே மறுபடியும் மூடப்பட்டது. மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்திய கதைதான். தடை ஆணைகளை இரகசியமாக வைக்கும்படி 2009ஆம் ஆண்டு விதிகளே கூறுவதால், எது ஏன் மூடப்பட்டது என்று குடிமக்கள் அறிய வழியில்லை.

அரசை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. "பயன்படுத்திப் பார், பிடித்தால் பணம் அனுப்பு" என்ற ஷேர்வேர் காலத்தில் தோன்றிய பொதுக் களஞ்சியங்கள் பிற்பாடு விளம்பர மூலதனத்தின் கைக்குச் சென்றன. 2011இல் டவுன்லோட்.காம் தளம் இலவச மென்பொருள்களோடு வேண்டாத கருவிப்பட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. 2015இல் சோர்ஸ்ஃபோர்ஜ், கிம்ப் ஓவிய மென்பொருளுக்கு அதையே செய்தது. கிட்ஹப் களஞ்சியத்தை 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே, அமெரிக்கப் பொருளாதாரத் தடையைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா நிரலாளர்களின் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டன. உரிமம் கட்டற்றதாக இருந்தும் கிடங்கு ஏகாதிபத்தியத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாக இருந்தது.

சாந்திபுரம் அடங்கிய குப்பம் பகுதிக்கு இந்தப் பாடம் புதிதன்று. 2002இல் சந்திரபாபு நாயுடு ஆட்சியில், ஹியூலட்–பக்கார்ட் நிறுவனம் மாநில அரசோடு சேர்ந்து இங்கேதான் "ஐ–கம்யூனிட்டி" என்ற மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தகவல் மையங்கள் திறக்கப்பட்டன. உலகச் சந்தைக்கு ஒரு காட்சிச்சாலையாகக் குப்பம் பேசப்பட்டது. காலம் முடிந்தது; நிறுவனம் விலகிக்கொண்டது. நிறுவனத்தின் கணக்கில் மக்கள் எதிர்காலத்து வாடிக்கையாளர்கள். அந்த அளவில்தான் அவர்களுக்கு இடம்.

கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். பள்ளிக் கல்விக்காக இடது ஜனநாயக முன்னணி அரசு 2017இல் உருவாக்கிய கைட் நிறுவனம், கட்டற்ற இயங்குதளத்தைத் தானே தொகுத்து, பொதுமக்களும் இறக்கிக்கொள்ளத் தருகிறது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் உரிமக் கட்டணமாகப் போயிருக்கக்கூடிய சுமார் 3,000 கோடி ரூபாய் மிஞ்சியதாக 2019இல் அது கூறியது. தெலுங்கில் சுவேச்சா இயக்கம் 2005 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. ஆனால் அரசின் கரம் அதற்குப் பின்னால் இல்லை.

'இப்போது எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டதே, களஞ்சியம் எதற்கு?' என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கைப்பேசியின் செயலிக் கடையும் கூகுளின் கிடங்குதான். இன்னொன்றையும் கூச்சத்தோடு சொல்ல வேண்டும்: பூட்டுடைத்த திருட்டு மென்பொருளில் துண்டறிக்கை அச்சுக்கோக்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அது ஏகபோகத்தை எதிர்ப்பதாகாது. அதன் பழக்கத்துக்கு ஆள் சேர்ப்பதாகும்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இப்பகுதியில், 1997 முதல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. மூன்று மொழிகளின் எழுத்துருக்கள், விசைப்பலகைகள், அகராதிகள், அலுவலக மென்பொருள்கள் அடங்கிய பொதுக் களஞ்சியம் ஒன்றை அங்கே அரசுச் செலவில் நிறுவுமாறு கோர வேண்டும். அதன் பிரதிகள் மண்டல நூலகங்களுக்கும் போக வேண்டும். எந்தத் தளத்தையும் மூடுமுன் அதன் தரப்பைக் கேட்பதும், ஆணையைக் காரணத்தோடு வெளியிடுவதும் சட்டப்படி கட்டாயமாக வேண்டும். அடுத்த மாநாட்டுத் தீர்மானங்களில் கூலி, நிலம், தண்ணீர் ஆகியவற்றோடு இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குவோம்.