பட்டன் எங்கே போச்சு?



ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி ஒரு தளம் தன் பக்கத்தோட அமைப்பை மாத்தினா போதும், ஜனங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுடறாங்க. "பழசே நல்லா இருந்துச்சு, திருப்பிக் குடு" என்பது ஒரு கட்சி. "ஒரு வாரத்துல பழகிடும், சும்மா இரு" என்பது இன்னொரு கட்சி. எங்க வகுப்பிலும் போன வாரம் இதே சண்டைதான். சாப்பாட்டு மணி அடிச்சதில் ஆரம்பிச்சு மறு மணி அடிக்கிற வரைக்கும் நடந்தும் தீரவில்லை. ரெண்டு கட்சியும் பாதிதான் சரி என்பது என் கருத்து.

முதலில் ஒன்று சொல்லணும். இந்தச் சண்டை நம்ம காலத்துச் சண்டை இல்லை. நாம பிறக்கறதுக்கு முன்னாடியே நடந்திருக்கு. 2004-ல் ஃபேஸ்புக் ஆரம்பிச்சப்போ, தோழி என்ன எழுதியிருக்கான்னு தெரியணும்னா அவளோட பக்கத்துக்கு நாமே போய்ப் பார்க்கணும். 2006 செப்டம்பர் 5-ஆம் தேதி அதை மாத்தினாங்க. யார் யார் என்ன செஞ்சாங்க என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே வரிசையா வந்து விழ ஆரம்பிச்சது. அதுக்குப் பேர் நியூஸ் ஃபீட். அப்போ அதில் இருந்தவங்க பெரும்பாலும் அமெரிக்க மாணவர்கள். நாலைஞ்சு நாளிலேயே லட்சக்கணக்கான பேர் எதிர்ப்புக் குழுக்களில் சேர்ந்துட்டாங்க. ஃபேஸ்புக்கை ஆரம்பிச்ச மார்க் ஸக்கர்பெர்க் முதலில் "அமைதியா இருங்க" என்கிற மாதிரி எழுதிப் பார்த்தார், எடுபடவில்லை. செப்டம்பர் 8-ஆம் தேதி மன்னிப்புக் கேட்டு எழுதினார். எது வெளியே தெரியணும், எது தெரியக் கூடாதுன்னு அவங்கவங்களே வச்சுக்கிற வசதியையும் கொடுத்தாங்க. ஆனா நியூஸ் ஃபீடை எடுக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை, அந்த எதிர்ப்பு அவ்வளவு வேகமாப் பரவினதே நியூஸ் ஃபீட் வழியாத்தானாம்!

"பாத்தியா, எல்லாரும் பழகிட்டாங்களே" என்று ரெண்டாவது கட்சி இதைத்தான் உதாரணம் காட்டும். நல்லா யோசிச்சுப் பாருங்க. அந்த மாணவர்கள் பக்கம் அசிங்கமா இருக்குன்னா கத்தினாங்க? யார் யாரோடு பிரிஞ்சாங்க என்பது வரைக்கும் எல்லாருக்கும் தானாப் போய்ச் சேருதே என்று கத்தினாங்க. வீட்டுக்கு வந்தவங்க பார்க்கட்டும்னு திண்ணையில் வச்சிருந்ததை, கோயில் திருவிழா மைக்கில் அறிவிச்சா எப்படி இருக்கும்? அந்தக் கோபம் நியாயமானது. அது சும்மா பழகித் தீரவில்லை. கேட்டாங்க, அதனால் கொஞ்சம் கிடைச்சது.

ஃபேஸ்புக்கில் ஒவ்வொருத்தர் பக்கத்திலும் மத்தவங்க வந்து எழுதற இடத்துக்கு "சுவர்" என்றுதான் பேர் இருந்தது. நம்ம சுவர்ப் பத்திரிகை மாதிரியே! 2011-ல் அந்தச் சுவரை மாத்தி டைம்லைன் என்று அறிவிச்சாங்க. வருஷ வாரியா எல்லாம் அடுக்கி வச்சிருக்கும், பழசை யார் வேணும்னாலும் சுலபமாத் தோண்டலாம். பழைய பதிவுகளைப் பார்த்து மறைக்கிறதை மறைச்சுக்க 2012-ல் கொடுத்த அவகாசம் ஏழு நாள். ஏழு நாளில் நாங்க நோட்டுக்கு அட்டை போட்டு முடிச்சதே இல்லை.

எனக்கு இதில் ஒரு கணக்கு இருக்கு. மாற்றம் வந்தா ஒரே ஒரு கேள்வி கேட்கணும். இடம் மாறியிருக்கா, இல்லை பொருளே காணாமப் போயிருக்கா? எங்க அம்மா கரண்ட் போனாலும் அஞ்சறைப்பெட்டியில் கடுகை இருட்டிலேயே எடுப்பாங்க. நான் கடுகையும் சீரகத்தையும் இடம் மாத்தி வச்சா ரெண்டு நாள் திட்டு விழும். மூணாம் நாள் கை பழகிடும். ஆனா கடுகையே தூக்கிட்டுப் போயிட்டா? எத்தனை நாள் பழகினாலும் தாளிக்க முடியாது.

2017 பிப்ரவரியில் வாட்ஸ்அப்பில் அப்படித்தான் நடந்தது. அதுக்கு முன்னாடி ஸ்டேட்டஸ் என்றால் நம்ம பேருக்குக் கீழே ஒரு வரி எழுதி வைக்கிறது. அதை எடுத்துட்டு, 24 மணி நேரத்தில் மறைஞ்சு போற போட்டோ, வீடியோவைக் கொண்டு வந்தாங்க. "அந்த ஒரு வரி எங்கே?" என்று ஜனங்க கேட்டாங்க. மார்ச் மாசத்திலேயே அது திரும்பி வந்துடுச்சு. புதுசும் இருந்தது, பழசும் இருந்தது. இப்போ நம்ம ஊர்க்காரங்க அந்தப் போட்டோ ஸ்டேட்டஸில்தான் காதுகுத்து முதல் கருமாதி வரைக்கும் போடறாங்க. அதாவது புதுசு கெட்டதில்லை, பழசைப் பிடுங்கினதுதான் தப்பு.

ஸ்னாப்சாட் கதை இன்னும் பெரிசு. 2018-ல் பக்க அமைப்பை மாத்தினாங்க, பழசைக் கேட்டு 12 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டாங்க. அதே வருஷம் தினமும் பயன்படுத்தறவங்க எண்ணிக்கை 19.1 கோடியிலிருந்து 18.8 கோடியாக் குறைஞ்சது. அப்புறம் சிலதைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தாங்க.

கேட்டும் கிடைக்காததும் உண்டு. யூடியூப்பில் ஒரு வீடியோவை எத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்ற எண் முன்னாடி எல்லாருக்கும் தெரியும். 2021 நவம்பரில் மறைச்சுட்டாங்க. இப்போ வீடியோ போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். சின்னவங்க போடற வீடியோவைக் கூட்டமா வந்து வேணும்னே டிஸ்லைக் பண்றாங்க, அதைத் தடுக்கத்தான் என்று காரணம் சொன்னாங்க. அதுவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனா கணக்குப் பாடத்தைத் தப்பாச் சொல்லித் தர்ற ஒரு வீடியோவை நாம எப்படிக் கண்டுபிடிக்கிறது? இது கடுகு காணாமப் போன கதை.

மாற்றமே வேண்டாம்னு நான் சொல்வதாக யாரும் நினைக்காதீங்க. சிரிப்பு, அழுகை, கோபம் என்று பல முகங்களை ஃபேஸ்புக் 2016-ல் கொண்டு வந்தது ரொம்ப நல்ல காரியம். அதுக்கு முன்னாடி கண்ணீர் அஞ்சலிக்கும் கட்டை விரல் காட்டற லைக்தானே போட முடியும்?

இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். முன்னாடியெல்லாம் இணையப் பக்கத்துக்கு ஒரு முடிவு இருக்கும். அடியில் வந்ததும் "அடுத்த பக்கம்" என்று அழுத்தணும். விரலால் தள்ளத் தள்ள முடியாமல் வந்துகிட்டே இருக்கிற அமைப்பை 2006-ல் ஏஸா ராஸ்கின் என்பவர் வடிவமைச்சார். ஏன் அப்படிச் செஞ்சோம் என்று பின்னாடி அவரே வருத்தப்பட்டிருக்கார். இப்போ எல்லாத் தளத்திலும் அதுதான். இதுக்கு எதிராக லட்சம் பேர் கையெழுத்துப் போட்டதாக நான் கேள்விப்படவே இல்லை. ஏன்னா அது நம்ம வசதியைக் கெடுக்கவில்லை, நம்ம நேரத்தைத்தான் எடுத்தது. இந்தத் தளங்களுக்குப் பெரும்பாலும் விளம்பரத்தில்தான் வருமானம். நாம எவ்வளவு நேரம் உள்ளே இருக்கோமோ அவ்வளவு விளம்பரம். பட்டன் இடம் மாறினதுக்கு ஊரைக் கூட்டறவங்க இதுக்கும் கொஞ்சம் கத்தியிருக்கலாம்.

"இடம் மாறினா பழகிடும்" என்று மேலே எழுதினேன் இல்லையா, அது எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களுக்குத்தான். எங்க பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கு. பேசறதெல்லாம் செல்போனில் ஒரு செயலி வழியாத்தான் (பேர் வேண்டாம்). "மேலே மூணாவது, பச்சையா இருக்கும், அதைத் தொட்டா என் பையன் பேசுவான்." அவ்வளவுதான் பெரியம்மாவோட படிப்பு. அதுவே ஆறு மாசம் ஆச்சு பழக. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தா மேலே இருந்ததெல்லாம் கீழே வந்துடுச்சு. பச்சையையும் காணோம். போன் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு நாலு நாள் தொடவே இல்லை. அண்ணன் அங்கே பதறிப் போய் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணுச்சு. அதுக்குள்ளே ஒரு கடையில் "சரி பண்ண" ஐம்பது ரூபாய் வாங்கிட்டாங்க. அங்கே ரிப்பேர் பண்ண என்ன இருந்தது?

இப்படி இடத்தையும் நிறத்தையும் வச்சுப் படிக்கிறவங்களுக்கு, இடம் மாறுறதும் பொருள் காணாமப் போறதும் ஒண்ணுதான். அவங்க பழைய அமைப்பைக் கேட்டுக் கையெழுத்துப் போட மாட்டாங்க. போன் கெட்டுப் போச்சுன்னு சுருக்குப்பையில் வச்சுடுவாங்க. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இது தெரியவே போறதில்லை.

"அப்டேட்டை நிறுத்தி வச்சுடு" என்று எங்க வகுப்பில் ஒருத்தி யோசனை சொன்னாள். அது சரியில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிறதும் அதே அப்டேட்டில்தான் வருது. ரொம்பப் பழசானா சில செயலி திறக்கவே திறக்காது. இன்னொண்ணு, ஒரே நாளில் எல்லார் போனுக்கும் ஒரே அமைப்பு வராது. சில பேருக்கு மட்டும் கொடுத்துப் பரீட்சை பண்ணிப் பார்ப்பாங்க. அதனாலதான் "என் போன்ல இருக்கே, உன் போன்ல ஏன் இல்ல?" என்ற சண்டையெல்லாம் வருது.

கம்பெனிக்காரங்க செய்யக் கூடியது இருக்கு. மாத்தறதுக்கு முன்னாடியே சொல்லணும். எழுத்தில் சொன்னாப் போதாது, தமிழில் குரலில் சொல்லணும். பழைய அமைப்பை ஒரு ஆறு மாசமாவது, வேணும்கிறவங்களுக்கு வச்சிருக்கணும். இன்ஸ்டாகிராமே 2016-ல் எடுத்த நேர வரிசையை 2022-ல் திரும்பவும் ஒரு வசதியாக் கொடுத்தது. அப்போ முடியாத காரியம் இல்லை.

அவங்க செய்யற வரைக்கும் நாம சும்மா இருக்க வேண்டாம். நான் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, புது அமைப்பை அப்படியே வரைஞ்சு, அண்ணன் பேச வேண்டிய இடத்தில் பச்சை ஸ்கெட்ச் அடிச்சு போன் கவருக்குள்ளே சொருகி வச்சேன். சொல்லித் தர்றப்போ ஒண்ணு மட்டும் கவனிங்க. "இங்க குடுங்க"ன்னு போனைப் பிடுங்கி நீங்களே அழுத்திக் காட்டாதீங்க. அவங்க விரலாலேயே பத்துத் தடவை அழுத்த விடுங்க. சிரிக்கவும் கூடாது. பெரியம்மா இப்போ அட்டையைப் பார்க்காமலே அழுத்துறாங்க. மறுபடி மாறினா மறுபடி வரைவேன், அட்டை நிறைய இருக்கு.

அட்டை வேணும்கிறவங்க உங்க வீட்டுப் போனில் எது எங்கே இருக்குன்னு தாளில் குறிச்சுட்டு வந்து, வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு வாங்க. நாலு பேர் வரைஞ்சு தர ஒத்துக்கிட்டிருக்கோம். நான் எழுதினதை ஒத்துக்காதவங்க எழுத கீழே இடம் விட்டிருக்கேன். ஆறாம் வகுப்புத் தம்பிகள் அதில் படம் வரைய வேண்டாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி