மழலையிடம் சொல்லும் சிறு பொய்கள்

ஒன்றரை வயதுக் குழந்தை உள்ள வீட்டில் தொழுகை நேரம் எப்படி இருக்கும் என்பதை நம்மில் பலரும் அறிவோம். தாய் முஸல்லாவை விரித்தவுடன் குழந்தையும் அருகில் வந்து நிற்கிறது. இரு கைகளையும் காதுவரை உயர்த்துகிறது. ருகூவைத் தாண்டி நேராக ஸஜ்தாவில் விழுகிறது. விழுந்தபடியே தலையைத் திருப்பி, தாய் என்ன செய்கிறாள் என்று பார்க்கிறது. நாம் அதைப் படம் பிடித்து உறவினர்களுக்கு அனுப்பி, மாஷா அல்லாஹ் என்று மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் அதே குழந்தை ஓராண்டு கழித்து, சோப்புப் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு, “வந்துட்டே இருக்கேன், பக்கத்துல வந்துட்டேன்” என்று தந்தையின் குரலில் பேசுகிறது. அதற்கும் சிரிக்கிறோம். அந்தச் சொற்களைத் தந்தை சொன்ன வேளையில் அவர் வீட்டு வாசலைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

குழந்தை நம்மிடமிருந்து சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. சொல்லை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. இதைப் பற்றித்தான் நம் சமுதாயத்துப் பெற்றோரிடம் பேச விரும்புகிறோம்.

பார்த்தே கற்பது காஞ்சியில் வாழும் நமக்குப் புதிய செய்தியன்று. பிள்ளையார்பாளையத்து வீடுகளில் தறியோசை கேட்டு வளரும் பிள்ளை, நாடாவைத் தொடும் வயது வருமுன்பே வெறுங்கையால் அதை வீசிக் காட்டும். கோர்வைச் சேலையில் உடலும் இருபுறக் கரையும் மூன்று நாடாக்களால் நெய்யப்படுவதால் நெசவாளிக்குப் பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். முற்காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறுவனே உட்கார்ந்தான். பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்தது பெருந்தவறு. அது தனியே பேச வேண்டியது. ஆனால் அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. கண் கற்றதைக் கை செய்தது.

2005-இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் சிம்பன்சிகளையும் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளையும் வைத்து ஓர் ஆய்வு செய்தனர். ஒரு பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் முறையைச் செய்து காட்டினர். இடையில் தேவையே இல்லாத சில செயல்களையும் சேர்த்தனர். பெட்டி ஒளிபுகும் கண்ணாடி போன்றதாக இருந்தபோது, அச்செயல்கள் வீண் என்று கண்ட சிம்பன்சிகள் அவற்றை விட்டுவிட்டன. குழந்தைகளோ அவற்றையும் அப்படியே செய்தனர். இதைக் குழந்தையின் அறியாமை என்று நாம் கருதவில்லை. பெரியவர் செய்கிறார் என்றால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையை நாம் என்ன செய்கிறோம்?

சோறு ஊட்ட வேண்டுமா? “பூச்சாண்டி வர்றான்.” தூங்க வைக்க வேண்டுமா? “போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்.” கடைத்தெருவில் அடம் பிடிக்கிறதா? “அத்தா நாளைக்கு வாங்கித் தர்றேன்.” அந்த நாளை வருவதே இல்லை. மதரஸா ஆசிரியர்களாகிய எங்கள் பங்குக்கும் ஒன்று உண்டு: “ஹஜ்ரத்துக்கிட்ட சொல்றேன், பிரம்பால அடிப்பாரு.” ஐந்து வயதில் மக்தபுக்கு முதல் நாள் வரும் பிள்ளை எங்களைக் கண்டவுடன் தாயின் புர்காவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. அதற்கு முன் ஒருமுறைகூட எங்களை அது பார்த்ததில்லை. அலிஃப், பே கற்பிக்கத் தொடங்குமுன் அந்த அச்சத்தைக் கலைக்கவே எங்களுக்குப் பல வாரங்கள் ஆகின்றன.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றைக் கூறியதை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் இருந்தபோது, தாயார் மகனை, வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைத்தார்கள். என்ன கொடுக்க எண்ணினீர்கள் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார்கள் தாயார். எதையும் கொடுக்காமல் இருந்திருந்தால் உங்கள் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் தெரிவித்தார்கள். கேட்டவன் சிறுவன்தானே என்பது அங்கே ஒரு சலுகையாகவில்லை.

வீட்டிலுள்ள மூத்தோர் இதற்கு ஒரு மறுமொழி சொல்வதுண்டு: “நாங்க எல்லாம் பூச்சாண்டி கேட்டு வளர்ந்தவங்கதான். அது பச்சைப்பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்?” அவர்கள் மீது நமக்கு மரியாதை உண்டு. ஆனால் குழந்தை பேசத் தொடங்கும் முன்பே புரிந்துகொள்ளத் தொடங்கிவிடுகிறது. உருதுவும் தமிழும் கலந்து பேசும் நம் வீடுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு வயதுப் பிள்ளை நானியிடம் “பானி” கேட்கிறது. எதிர்வீட்டுக்காரரிடம் “தண்ணி” கேட்கிறது. யாரிடம் எந்த மொழி என்று பிரித்தறியத் தெரிந்த பிள்ளைக்கு, யார் சொன்னால் நடக்கும், யார் சொன்னால் நடக்காது என்று பிரித்தறியத் தெரியாதா? (இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தாமதமாகும் என்று அஞ்சி ஒன்றை நிறுத்திவிடத் தேவையில்லை. அழைத்தால் திரும்பாத, சுட்டிக் காட்டாத, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்க்காத பிள்ளையைத் தாயத்துக்கு முன் மருத்துவரிடம் காட்டிச் செவித்திறனைச் சோதிக்க வேண்டும்.)

கற்பனை வேறு, ஏமாற்று வேறு. மரப்பாச்சிக்குச் சோறு ஊட்டி விளையாடுவது பொய்யாகாது. ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் வைத்திருந்த இறக்கை முளைத்த குதிரைப் பொம்மையைக் கண்டு நபியவர்கள் கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தார்கள். அதைப் பொய் என்று கடியவில்லை. அவ்விளையாட்டில் இருவருக்கும் உண்மை தெரியும். ஏமாற்றில் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

அதில் மிகக் கொடியது சொல்லாமல் பிரிவது என்பது எங்கள் கருத்து. விடுமுறை முடிந்து வளைகுடாவுக்குத் திரும்பும் தந்தை, பிள்ளை அழுமே என்று நள்ளிரவில் ஓசையின்றிப் புறப்படுகிறார். விடிந்ததும் “அத்தா கடைக்குப் போயிருக்காங்க” என்கிறார்கள். பிள்ளை வாசற்படியில் போய் உட்காருகிறது. பின்னர் தாய் உண்மையாகவே கடைக்குப் புறப்பட்டாலும் முந்தானையை விடுவதில்லை. ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்று வீட்டார் வியக்கிறார்கள். விழித்திருக்கும்போதே முத்தமிட்டு, அத்தா தூரம் போகிறேன், நாள் பல ஆகும், தொலைபேசியில் பேசுவேன் என்று சொல்லிச் சென்றாலும் அது அழத்தான் செய்யும். ஆனால் தாயின் மடியில் அழும். யார் இல்லை என்று தெரிந்து அழும்.

அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுப்பதும் இதனோடு சேர்ந்ததே. “சூரா தானே ஓடுது” என்று நம் வீடுகளில் மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். 2003-இல் பாட்ரிசியா குல் குழுவினர் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தனர். பன்னிரண்டு அமர்வுகளில் நேரில் ஒருவர் பேசிப் பழகிய குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தனர். அதையே திரையில் பார்த்த குழந்தைகளுக்கு அது கைகூடவில்லை. இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரை வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் வழிகாட்டியது. வாழும் முகம் தருவதைத் திரை தருவதில்லை. குருவியை இழந்து வாடிய சிறுவன் அபூ உமைரிடம் நபியவர்கள் அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். பறந்து போயிற்று, நாளை வரும் என்று மழுப்பவில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்போருக்குத் தடுப்பூசி நாளைச் சொல்வோம். பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள் ஊக்கத் தவணைக்காகப் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்கிறோம். வழியெல்லாம் “ஊசி இல்லடா, சும்மா பார்ப்பாங்க” என்கிறோம். அதற்குப் பதிலாக, “ஊசி போடுவாங்க, கொஞ்சம் வலிக்கும், அம்மா பிடிச்சுக்குவேன்” என்று சொல்லிப் பாருங்கள். வீடு திரும்பிய பின் பிள்ளை ஒரு பென்சிலை எடுத்துப் பொம்மையின் கையில் குத்தும். அப்போது அதனிடம் என்ன சொல்கிறது என்று அருகில் நின்று கேளுங்கள்.